சிற்றிலும் சிறுதேரும்: பிள்ளைத்தமிழில் ஆணும் பெண்ணும் பிரியும் இடம்

தொண்ணூற்றாறு என்று கணக்கிடப்படும் தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள், ஒரு குழந்தையின் வளர்ச்சியை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து செல்லும் அமைப்பை உடையது பிள்ளைத்தமிழ். கடவுளையோ அரசரையோ அடியாரையோ குழந்தையாகப் பாவித்து, புலவர் தம்மைத் தாயாகவும் செவிலியாகவும் வைத்துக்கொண்டு பாடும் இவ்வகை நூலில் பத்துப் பருவங்களும், பருவத்துக்குப் பத்தாகப் பெரும்பாலும் நூறு பாடல்களும் அமையும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய முதல் ஏழு பருவங்கள் இருபாற் குழந்தைகளுக்கும் பொது. எஞ்சிய மூன்றில்தான் நூல் ஆண்பால் பிள்ளைத்தமிழ், பெண்பால் பிள்ளைத்தமிழ் என்று இரண்டாகக் கிளைக்கிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பனவும், பெண்பிள்ளைக்குக் கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல் என்பனவும் உரியவை. பிள்ளைகளிடம் காணப்படும் ஆண் பெண் வேறுபாடு பிறவியில் வருவதா வளர்ப்பில் வருவதா என்ற கேள்வியை இந்த மரபு கேட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் அவ்வேறுபாடு எந்த வயதில், எந்தப் பொருள் கைக்கு வரும்போது தொடங்குவதாகத் தமிழ்ப் புலவர்கள் கருதினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பொதுவான ஏழு பருவங்களும் உடலின் வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்தவர்களால் வகுக்கப்பட்டவை. செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்திக் குழந்தை ஆடும் நிலை. தால் என்பது தாலாட்டுக்கு நாவசைத்து ஒலியெழுப்பும் நிலை. சப்பாணி என்பது கைகொட்டும் நிலை. தளர்நடையிட்டு வருவது வருகைப் பருவம். வானத்து நிலவைத் துணைக்கு அழைப்பது அம்புலிப் பருவம். பெருவழக்கான ஒரு கணக்குப்படி இவை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நடந்து, அம்புலி பதினைந்தாம் மாதத்தில் வருகிறது; பிரியும் மூன்று பருவங்களும் பதினேழு முதல் இருபத்தொன்று வரையிலான மாதங்களுக்கு உரியவை. தவழ்வதிலும் கைகொட்டுவதிலும் நிலவைப் பார்த்து வியப்பதிலும் ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்க ஒன்றுமில்லை என்று இலக்கணம் வகுத்தவர்கள் கண்டனர். அணிகலனில் மட்டும் வேறுபாடு அதற்கு முன்பே இருந்தது. திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவைக் கோத்து ஆண்பிள்ளையின் கழுத்தில் கட்டும் ஐம்படைத்தாலி மிகப் பழைய வழக்கம். புறநானூற்றின் 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார் பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையைச் சொல்லும்போது, கிண்கிணியைக் கழற்றிய காலில் வீரக்கழல் ஏறிவிட்டது, பால்குடி மறந்து சோறுண்ணத் தொடங்கியது இப்போதுதான், தாலியோ இன்னும் கழுத்தில் கிடக்கிறது என்று காட்டுகிறார்.

இக்கால உளவியல் ஆய்வுகள் சொல்லும் வயதும், சிற்றிலக்கியங்களின் இலக்கணமாகிய பாட்டியலின் கணக்கை ஒட்டியே வருகிறது. குழந்தை தன்னையும் பிறரையும் பையன், பெண் என்று பெயரிட்டுச் சொல்லத் தொடங்குவது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் என்று அவை கூறுகின்றன. விளையாட்டுப் பொருள்களில் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் விருப்பம் வேறுபடுவதும் இரண்டாம் வயதிலேயே கண்ணுக்குப் படுகிறது. புலவர்கள் குழந்தைகளைக் கவனித்து இந்த எல்லையை அறிந்தனரா, அல்லது பெரியவர்கள் வெவ்வேறு பொருள்களைக் கொடுக்கத் தொடங்கிய வயதைத்தான் பதிவு செய்தனரா என்பதை நூல்களைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே வயதில் நிகழ்வதால்தான் இன்றைய ஆய்வுக்கூடங்களிலும் இக்கேள்வி முடிச்சவிழாமல் கிடக்கிறது.

பிரிவின் முதற்பொருளான சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் சிறுவீடு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் இப்பருவம் வரும்போது பாட்டின் குரல் மாறுகிறது. அதுவரை தாயாக நின்று பேசிய புலவர், வீடு கட்டிய சிறுமியரின் குரலாகி, எங்கள் சிற்றிலை அழிக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனிடம் மன்றாடுகிறார். உலகங்களை ஆக்கி அழிக்கும் இறைவனுக்கு மணல்வீட்டை அழிப்பது ஒரு பொருட்டா என்ற சமயப் பொருளும், பகைவரின் கோட்டையை இடிக்கப் போகும் அரசனின் இளமைப் பயிற்சி இது என்ற அரசியற் பொருளும் இதற்கு உண்டு. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழமையானதாகக் கருதப்படுவது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் என்பதை நினைவிற் கொண்டால், இடிப்பது, முழக்குவது, தேர் ஊர்வது என்ற மூன்றும் ஓர் இளவரசனின் எதிர்காலத்தைச் சிறிதாக்கிக் காட்டுபவை என்பது விளங்கும். உழவன் மகனுக்கும் குயவன் மகனுக்கும் உரிய விளையாட்டுகள் இந்த மூன்றில் அடங்கவில்லை. ஆண்பிள்ளையின் இயல்பு என்று பின்னாளில் கொள்ளப்பட்டது உண்மையில் அரண்மனைப் பிள்ளையின் வளர்ப்பு.

சிற்றில் அழிக்கும் சிறுவன் பிள்ளைத்தமிழுக்கு மிக முந்தியவன். கலித்தொகையின் 51ஆம் பாடலில், குறிஞ்சிக்கலி பாடிய கபிலரின் தலைவி தன் தோழியிடம் பழைய நாளொன்றை நினைவுபடுத்துகிறாள். தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்து, கூந்தலில் சூடியிருந்த மாலையைப் பறித்து, வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய அதே துடுக்குப் பையன், வளர்ந்த பின் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்து கையைப் பற்றுகிறான். அவள் அலற, தாய் ஓடி வர, தண்ணீர் விக்கிக்கொண்டது என்று சொல்லி அவனைக் காப்பாற்றியவளும் அவளே. பாடல் அழகானது, நாடகத் தன்மையில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆயினும் பையனின் வம்பு காதலின் முன்னறிகுறியாகவும், அதைப் பொறுத்து மறைப்பது பெண்ணின் நயமாகவும் இப்பாட்டில் ஒருங்கே பழக்கப்படுவதைக் காணாமல் இருக்க முடியாது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்ந்தனர் என்று எண்ணும்போது, இயற்கை என்று ஒதுக்கிவிடும் நடத்தையில் கதைக்கும் பாட்டுக்கும் எவ்வளவு பங்கு உண்டு என்ற கவலை எழுவது நியாயமே.

இதே நிகழ்ச்சியை வீடு கட்டியவளின் பக்கம் நின்று பாடியவர் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றில் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் சிறுமியர் முறையிடுவதாக அமைந்தது. ஆண் புலவர்களின் பாட்டில் சிற்றில் வெறும் மணற்குவியலாக வந்து போக, ஆண்டாளின் பதிகத்தில் அது உழைப்பாகத் தெரிகிறது. நாளெல்லாம் குனிந்திருந்ததால் வந்த முதுகுவலி அங்கே சொல்லப்படுகிறது, கட்டியதை ஆசைதீரப் பார்க்கக்கூட விடவில்லையே என்ற ஏக்கம் சொல்லப்படுகிறது. சிற்றில் கட்டுவதை எதிர்கால இல்லறத்துக்கான ஒத்திகை என்று மட்டும் விளக்குவோர் இந்த முதுகுவலியைக் கவனிப்பதில்லை. மணலை ஈரப்படுத்திச் சுவரெழுப்பி வாசல் திறக்கும் சிறுமி செய்வது கட்டடக்கலை. அவளுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க மரபு மறந்தது.

சிறுதேரின் வரலாறு வேறொரு வகையில் வியப்பளிப்பது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவு காயப் போட்டிருக்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டி வரும் மூன்றுகாற் சிறுதேரை வழிமறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலும், தச்சரின் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த சிறுதேரை உருட்டிக் களைத்த புதல்வர் செவிலியின் பாலைப் பருகி உறங்குகின்றனர். இரண்டிலும் கால்கள் இன்னும் உறுதிப்படாத குழந்தைகளே வருகின்றனர். இரண்டாவது பாட்டு அவர்களின் தளர்நடையை வெளிப்படையாகவே சொல்கிறது. மூன்று சக்கரமும் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டையுமாக இன்றும் தச்சர்கள் செய்து தரும் நடைவண்டியின் முன்னோடி இது என்று கருத இடமுண்டு. நடைவண்டியோ தமிழ் வீடுகளில் பேரனுக்கும் பேத்திக்கும் ஒன்றுபோல் வாங்கிக் கொடுக்கப்படுவது. அண்ணன் தள்ளிய வண்டியைத் தங்கை தள்ளுவதில் எவரும் தவறு கண்டதில்லை. நடை பழகும் கருவியாக இருக்கும்வரை பால் வேறுபாடற்று நின்ற ஒரு மரச்சாமான், தேர் என்று பெயர் பெற்றுப் போருக்கும் அரசுக்கும் அடையாளமானதும் ஆண்பிள்ளைக்கே உரியதாக இலக்கணத்தில் எழுதப்பட்டிருக்கலாம். கீழடி அகழாய்வில் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. அவற்றைக் கையாண்டது சிறுவனா சிறுமியா என்பதை மண் சொல்வதில்லை, பாட்டுத்தான் சொல்கிறது.

பெண்பால் பருவங்களுக்கு வந்தால், அவை அமைதியான விளையாட்டுகள் என்ற எண்ணம் உடனே தகர்ந்துவிடும். அம்மானை என்பது மூன்று அல்லது ஐந்து காய்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிந்து, கீழே விழவிடாமல் பிடித்து, மீண்டும் எறிவது. கழங்கு என்பது கழற்சிக்காய்களை எறிந்து புறங்கையிலும் உள்ளங்கையிலும் ஏந்துவது, இன்று சொட்டாங்கல், ஐந்தாங்கல் என்ற பெயர்களில் வாழ்வது. ஊசல் விசையோடு வானத்தை நோக்கி எழுவது. நீராடல் ஆற்றுவெள்ளத்தை எதிர்ப்பது. எறிவதிலும் குறி தவறாமையிலும் ஆண்பிள்ளைகளே மேலோங்குவர் என்று உளவியல் நூல்கள் எழுதுவதற்கு முன்பே, கண்ணும் கையும் ஒருங்கே வேலை செய்ய வேண்டிய இவ்விளையாட்டுகளைத் தமிழ் மரபு சிறுமியரிடம் ஒப்படைத்திருந்தது. அப்படியானால் மரபு பிரித்தது திறமையையோ வேகத்தையோ அன்று. சிறுவனின் தேர் தெருவழியே முன்னோக்கிச் செல்கிறது, அவன் பறையொலி ஊர் முழுதும் பரவுகிறது. சிறுமியின் அம்மானை எவ்வளவு உயரம் போனாலும் அவள் கைக்கே திரும்புகிறது, அவள் ஊசல் எவ்வளவு எழுந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. ஆற்றல் இருவருக்கும் ஒன்றாக வழங்கப்பட்டு, அது சென்றடையும் இடம் மட்டும் இரண்டாக வகுக்கப்பட்டது. சீவக சிந்தாமணியின் விமலையார் இலம்பகத்தில் விமலை ஆடிய பந்து கைதவறித் தெருவில் விழுந்ததும் அங்கே சீவகன் நிற்பதும் கதைப்போக்குக்கான தற்செயல் என்று தோன்றினாலும், பந்து முற்றத்தைத் தாண்டிய அக்கணமே அவள் வாழ்க்கை திசைமாறுவது இந்த எல்லையின் வலிமையைக் காட்டும்.

இவ்வகையில் மிக ஆழ்ந்து நோக்கத்தக்கது மதுரை மீனாட்சியின் கதை. திருவிளையாடற் புராணத்தின்படி, மகன் வேண்டி வேள்வி செய்த மலயத்துவச பாண்டியனுக்கு மூன்று முலைகளோடு பெண்குழந்தை தோன்ற, அவன் வருந்தியபோது, மகனுக்குரிய சடங்குகளையே இவளுக்குச் செய்து, தடாதகை என்று பெயரிட்டு முடிசூட்டுக என்று வானிலிருந்து ஒரு குரல் எழுந்தது. படைக்கலமும் யானையேற்றமும் குதிரையேற்றமும் கற்றுத் திசைகளை வென்றவள், கயிலையில் சிவனைக் கண்ட கணத்தில் மூன்றாம் முலை மறைய, நாணித் தலைகுனிந்தாள் என்று புராணம் சொல்கிறது. வளர்ப்பு ஒரு பெண்ணை அரசனாக்க முடியும் என்பதையும், இயற்கை தனக்குரிய நாளில் வந்து தன் பங்கைக் கேட்கும் என்பதையும் ஒரே கதை ஒரே மூச்சில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் குமரகுருபரர் இவள்மீது பிள்ளைத்தமிழ் பாடியபோது, மகனாக வளர்க்கப்பட்ட இக்குழந்தைக்குச் சிறுதேரும் சிறுபறையும் கிடைக்கவில்லை. அம்மானையும் நீராடலும் ஊசலுமே கிடைத்தன. வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமியைப் பாடிய அதே புலவர் அங்கே ஆண்பாற் பருவங்கள் மூன்றையும் அமைத்தார். புராணத்தில் திசைகளை நோக்கித் தேர் செலுத்தியவளுக்குக் குழந்தைப் பருவத்தில் தேர் தர இலக்கணம் இடங்கொடுக்கவில்லை என்பது, வழக்கம் கதையைவிட எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறது.

பந்தின் வரலாற்றை இங்கே சற்று விரித்துச் சொல்வது தகும். கலித்தொகைச் சிறுவன் பிடுங்கிக்கொண்டு ஓடிய வரிப்பந்து சிறுமியின் உடைமை; சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் அம்மானை வரி, ஊசல் வரி ஆகியவற்றோடு கந்துக வரி, அதாவது மகளிர் பந்தாடிக்கொண்டே பாடும் பாட்டு, இடம்பெறுகிறது; பெருங்கதையிலும் சிந்தாமணியிலும் பந்தாடுவோர் பெண்களே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கால இலக்கியத்தில் பந்து பெண்மையின் அடையாளமாகவே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் படைவீரர்களும் கிளப்புகளும் பள்ளிகளும் கிரிக்கெட்டையும் கால்பந்தையும் கொண்டுவந்தன. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய காலத்தில் பள்ளி மைதானம் பெரிதும் மாணவர்களுக்கே உரியதாக இருந்தது. அந்த மைதானத்தின் வழியே பந்து கைமாறியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பந்து என்றாலே பையன்களின் பொருள் என்ற எண்ணம், அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்ற உறுதியோடு நிலைபெற்றுவிட்டது.

இந்த மறதி ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. 1975இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், மஞ்சள் உடை அணிந்த மூன்று மாதக் குழந்தையைச் சிலரிடம் ஆணென்றும் சிலரிடம் பெண்ணென்றும் சொல்லி, வேறு சிலரிடம் ஒன்றுமே சொல்லாமல் கொடுத்தபோது, பெண்ணென்று கேட்டவர்கள் பொம்மையை அதிகமாக எடுத்து நீட்டினர். அங்கே ஆண்பிள்ளைக்குரிய பொருளாக வைக்கப்பட்டிருந்தது ஒரு சிறிய ரப்பர் கால்பந்து. 2002இல் ஜெரியன் அலெக்சாண்டரும் மெலிசா ஹைன்ஸும் 88 வெர்வெட் குரங்குகளிடம் விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தனர். ஆண் குரங்குகள் கார் பொம்மையோடும் பந்தோடும், பெண் குரங்குகள் பொம்மைக் குழந்தையோடும் சமையல் பாத்திரத்தோடும் கூடுதல் நேரம் செலவிட்டன. மனித வளர்ப்பே அறியாத விலங்குகளிடமும் வேறுபாடு தென்படுவதால் அதற்கு உயிரியல் வேர் உண்டு என்று வாதிடப்பட்டது. வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் குரங்குக்குச் சமையல் தெரியாது என்பதும், பந்தை ஆண்பொருள் என்று வகைப்படுத்திய பட்டியல் சங்க காலத் தமிழகத்தில் தலைகீழாகியிருக்கும் என்பதும் கவனிக்கப்பட வேண்டியவை. குரங்கு எதை விரும்பியது என்றால், பொருளின் பெயரையன்று, நிறத்தையோ அசைவையோ வடிவையோதான்.

உயிரியல் பக்கத்தில் இதைவிட வலுவான சான்று வேறொன்று உண்டு. அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே அமையும் ஒரு குறைபாட்டால், கருவிலிருக்கும்போதே ஆண்ட்ரோஜென் என்னும் ஆண்பால் இயக்குநீரை மிகுதியாகப் பெற்ற பெண்குழந்தைகள், தங்கள் சகோதரிகளைவிட ஆண்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களை அதிகம் நாடுகின்றனர் என்று ஷெரி பெரன்பாமும் ஹைன்ஸும் 1992இல் எழுதினர். பிற ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. கருவறையின் பங்கை முற்றாக மறுப்பவர்கள் இந்தச் சிறுமியருக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆயினும் அவர்கள் கை நீண்ட லாரியும் கட்டைகளும் ஒரு குறிப்பிட்ட நாட்டில், குறிப்பிட்ட நூற்றாண்டில் ஆண்பிள்ளைகளுக்கென விற்கப்பட்டவை. இயற்கை ஒரு சாய்வைத் தரக்கூடும், அச்சாய்வு தேரில் போய் நிற்குமா அம்மானையில் போய் நிற்குமா என்பதைக் கடைத்தெருவும் இலக்கணமும் வீட்டு முற்றமும் தீர்மானிக்கின்றன.

தெருவும் முற்றமும் என்ற பிரிவின் விளைவு விளையாட்டோடு நிற்கவில்லை. சென்னை மாகாணப் பள்ளிகளைப் பற்றி ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டுத் திரட்டிய கணக்கில், ஏறத்தாழ ஒரு லட்சத்து 88 ஆயிரம் மாணவர்களுள் பெண்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. இரண்டு வயதில் தேரோடு தெருவுக்குப் போனவன் ஐந்து வயதில் திண்ணைப் பள்ளிக்குப் போனான். பிள்ளைத்தமிழுக்கு அப்பால், வயதுக்கேற்ப ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் பருவப்பெயர்களும் அதையே சொல்லும். பெண்ணின் முதற் பருவமாகிய பேதை என்ற சொல்லுக்கு அறியாதவள் என்றும் பொருளுண்டு. ஆணின் பருவங்களுக்கு மறவோன், திறலோன் என்று வீரமும் வலிமையும் குறிக்கும் பெயர்களைப் பாட்டியல் வழங்குகிறது. ஐந்து வயதுச் சிறுமியைப் பேதை என்று அழைத்துக்கொண்டே, அவள் படிப்பில் நாட்டமில்லாதவள் என்று கண்டறிவதில் ஆய்வு ஏதுமில்லை.

பிரிவுக்கு வெளியே நிற்கும் ஒரு காட்சி புறநானூற்றில் உண்டு. 243ஆம் பாடலைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றி, இருமலுக்கு இடையே சில சொற்கள் பேசும் முதியவர். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், ஒளிவுமறைவு அறியாத தோழமைக் கூட்டத்தோடு திரிந்ததையும், நீரில் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் கரையில் நின்றவர்கள் திகைக்கத் துடுமெனக் குதித்து, மடுவின் அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டியதையும் அவர் நினைத்துப் பார்க்கிறார். அவர் சிறுமியரின் பாவையைக் கலைக்கவில்லை. நீராடலைப் பெண்ணுக்குரிய பருவமாகப் பாட்டியல் வகுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, அந்தக் குளிர்ந்த கயத்தில் இருபாலாரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றிருந்தனர்.